தமிழர்களின் வைத்தியர் டாக்டர் கிரீன்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு டிரசர் என்றால் யார் என்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் பிரட்டு முடிந்ததும், வேலைக்குப் போக முடியாதவர்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நிற்பார்கள். டிரசர் நாக்கை நீட்டச் சொல்லுவார். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். புட்டியில் மருந்தை ஊற்றிக் கொடுப்பார். டாக்டர் என்பவர் எப்போதோ ஒருமுறை காரில் வந்து போகும் பெரிய மனிதர். அவர் ஆங்கிலத்தில் கேட்பார், டிரசர் தமிழில் திருப்பிச் சொல்லுவார், நோயாளி தலையை ஆட்டுவார். அத்தோடு வைத்தியம் முடிந்துவிடும்.

ஜொகூர் மாநிலத்தில் நான் வளர்ந்த தோட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். என் பாட்டிக்கு முழங்கால் வலி. பால்மரக் காட்டில் மேடும் பள்ளமும் ஏறி இறங்கிய கால் அது. அவருக்குப் புட்டியில் ஒரு மருந்து கிடைத்தது. பாட்டி வீட்டுக்கு வந்ததும் அதில் ஒரு மடக்குக் குடித்துவிட்டார். அது காலில் தடவுகிற மருந்து. புட்டியின் மேல் அப்படித்தான் அச்சிட்டிருந்தது, ஆனால் ஆங்கிலத்தில். இரண்டு நாள் தொண்டை எரிந்து, ஒருவாறு பிழைத்துக்கொண்டார். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான் அப்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு வரி தமிழில் இருந்திருந்தால் நான் படித்துச் சொல்லியிருப்பேன்.

மருந்தும் வைத்தியமும் நோயாளியின் மொழியில் ஏன் இருக்கக் கூடாது? இந்தக் கேள்வியை நமக்கு முன்னமே ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டதோடு நில்லாமல் பதிலையும் செய்து காட்டினார். அவர் தமிழரும் அல்லர், இந்தியரும் அல்லர். அமெரிக்க நாட்டிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்னும் டாக்டர். அவருடைய வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்று ஓர் ஊர். அங்கே கிரீன் குடும்பத்தாருக்குச் சொந்தமான பண்ணைக்குக் கிரீன் ஹில் என்று பெயர். 1822ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10ஆம் நாள் சாமுவேல் அந்தப் பண்ணையில் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். சாமுவேலுக்கு இரண்டு வயது மூத்தவரான ஆண்ட்ரூ கிரீன் பின்னாளில் நியூயார்க் மாநகரை உருவாக்கியவர்களில் ஒருவராகப் புகழ் பெற்றார். அந்நகரின் புகழ்பெற்ற நடுப் பூங்கா அமைவதற்குப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். தமையன் பெரிய நகரத்தைக் கட்டினார். தம்பியோ, கடல் கடந்து, பனை மரங்கள் சூழ்ந்த ஒரு சிறு ஊருக்குத் தம்மைக் கொடுத்தார்.

சாமுவேல் நியூயார்க்கில் மருத்துவம் படித்து 1845ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தர். நோயைத் தீர்ப்பதும் தம் சமயத்தைச் சொல்லுவதும் ஒரே தொண்டு என்று நினைத்தவர். அமெரிக்க மிஷன் என்னும் சமயச் சங்கத்தார் 1816ஆம் ஆண்டு முதலே யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்கள் நடத்தி வந்தார்கள். டாக்டர் ஜான் ஸ்கடர் என்பவர் 1820 முதல் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தார். அவருக்குப் பின் டாக்டர் நேதன் வார்ட் வட்டுக்கோட்டையில் இருந்தார். வார்ட் 1846இல் ஊர் திரும்பியபோது அந்த இடத்துக்கு ஒரு டாக்டர் தேவைப்பட்டார். கிரீன் முன்வந்தார்.

1847ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து அவருடைய கப்பல் புறப்பட்டது. சூயஸ் கால்வாய் அப்போது இல்லை. அது 1869இல்தான் திறக்கப்பட்டது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வரும் பாய்மரப் பயணம். சென்னைப்பட்டினம் வந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர அக்டோபர் ஆகிவிட்டது. ஆறு மாதப் பயணம். நம் முன்னோர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, ஊரை நினைத்துக்கொண்டே பினாங்குக்கு வந்ததை எண்ணிப் பாருங்கள். அந்த இளைஞருக்கு அப்போது வயது இருபத்தைந்து.

அந்தக் காலத்து மருத்துவம் எப்படி இருந்தது என்பதையும் நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஈதர் என்னும் மயக்க மருந்தைக் கொடுத்து வலியில்லாமல் அறுவை செய்யலாம் என்று பாஸ்டன் நகரில் எல்லார் முன்னிலையிலும் காட்டியது 1846 அக்டோபரில்தான். அதாவது, கிரீன் கப்பலேறுவதற்கு ஆறு மாதம் முன்னர். நோய்க் கிருமிகளைப் பற்றி ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. வாந்திபேதி வந்தால் ஊரே காலியாகும். அது கெட்ட காற்றால் வருகிறது என்று படித்த டாக்டர்களே நம்பினார்கள். அம்மன் கோபத்தால் வருகிறது என்று ஊரார் நம்பினார்கள். வாந்திபேதிக்குக் காரணமான கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் எடுத்துக்காட்டியது 1884இல். கிரீன் இறந்ததும் அதே ஆண்டில்தான். ஆகவே அவர் தம் வாழ்நாள் முழுவதும் காரணம் தெரியாத ஓர் எதிரியோடு போராடினார் என்று சொல்ல வேண்டும்.

வட்டுக்கோட்டையில் சில காலம் இருந்த பிறகு, 1848ஆம் ஆண்டு கிரீன் மானிப்பாய்க்கு வந்தார். அங்கே மருந்துச் சாலையைத் திறந்தார். கண் நோய்க்காரர்கள், கட்டி வந்தவர்கள், பனையிலிருந்து விழுந்து கை கால் முறிந்தவர்கள், பிரசவத்தில் தவிக்கும் பெண்களின் வீட்டார் என்று பல ஊர்களிலிருந்தும் சனங்கள் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் நாட்டு வைத்தியர்கள் பலர் இருந்தார்கள். தமிழ் வைத்தியத்தில் நல்லதும் உண்டு என்பதைக் கிரீன் அறிந்திருந்தார். ஆனால் உடலுக்குள் எந்த உறுப்பு எங்கே இருக்கிறது, இரத்தம் எப்படி ஓடுகிறது என்பதையெல்லாம் மேல்நாட்டார் கண்டறிந்தபடி தமிழர்களும் கற்க வேண்டும் என்று விரும்பினார்.

ஒரு டாக்டர் எத்தனை பேரைத்தான் பார்க்க முடியும்? இதை அவர் வந்த உடனேயே உணர்ந்துகொண்டார். ஆகவே 1848ஆம் ஆண்டிலேயே சில இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி ஏற்பட்டது 1870ஆம் ஆண்டில். அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னமே, மானிப்பாய் என்னும் கிராமத்தில், தமிழ்ப் பையன்கள் மேல்நாட்டு மருத்துவம் படித்தார்கள் என்பது நாம் பெருமையோடு நினைவில் வைக்க வேண்டிய செய்தி. அவருடைய காலத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இவ்வாறு மருத்துவர்களாக ஆனார்கள்.

முதலில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆனால் கிரீன் தமிழைக் கற்றுக்கொண்டார். நோயாளியோடு பேசுவதற்கு மட்டும் அல்ல. புத்தகம் எழுதும் அளவுக்குக் கற்றார். உடற்கூற்றையும் உடல்நலத்தையும் பற்றிக் கால்வின் கட்டர் என்னும் அமெரிக்கர் எழுதிய நூலைத் தமிழாக்கி 1852ஆம் ஆண்டு அச்சிட்டார். அடுத்ததாகப் பிரசவ வைத்தியத்தைப் பற்றிய நூல் 1857இல் வந்தது. அந்நாளில் யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெறும் பெண்ணின் அருகில் இருந்தவர் மருத்துவச்சிதான். அவருக்கு ஆங்கிலப் புத்தகத்தால் என்ன பயன்? யாருக்கு எது முதலில் தேவை என்று அவர் யோசித்துத்தான் நூல்களைத் தேர்ந்தெடுத்தார் என்பது இதிலிருந்து தெரிகிறது.

பத்து ஆண்டு உழைப்பில் அவருடைய உடல் தளர்ந்தது. 1857ஆம் ஆண்டு ஓய்வுக்காக அமெரிக்கா சென்றார். அங்கே ஐந்து ஆண்டுகள் தங்கினார். அவர் இனித் திரும்பிப் போக மாட்டார் என்று யாராவது நினைத்திருந்தால் அதில் தவறில்லை. சொந்த ஊர், வசதியான குடும்பம், செல்வாக்குள்ள தமையன், எதற்கும் குறைவில்லை. ஆனால் 1862ஆம் ஆண்டு மார்கரெட் வில்லியம்ஸ் என்ற பெண்மணியை மணந்து, அதே ஆண்டில் மனைவியோடு மானிப்பாய்க்கே திரும்பி வந்தார். அவர்களுடைய பிள்ளைகள் யாழ்ப்பாண மண்ணில் தவழ்ந்தார்கள். பகலெல்லாம் நோயாளிகள், மாலையில் குடும்ப செபம், இரவில் மொழிபெயர்ப்பு. நாட்டில் இருக்கும் உறவினருக்கு அவர் ஓயாமல் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்களைத் தொகுத்து எபனேசர் கட்லர் என்பவர் 1891ஆம் ஆண்டு ஒரு நூலாக வெளியிட்டார். கிரீனுடைய வாழ்க்கையை நாம் இன்று அறிவதற்கு அந்த நூல் பெரிதும் உதவுகிறது.

இனிமேல் சொல்லப் போவதுதான் அவருடைய வாழ்க்கையில் முக்கியமான கட்டம்.

இரண்டாம் முறை வந்தபோது கிரீன் தம் பழைய மாணவர்களைப் பற்றி யோசித்துப் பார்த்தார். ஆங்கிலத்தில் படித்தவர்களில் பலர் நல்ல சம்பளத்துக்கு அரசாங்க வேலையில் சேர்ந்து வெளியூர்களுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. குடும்பம் இருக்கிறது, கடன் இருக்கிறது. ஆனால் எந்தக் கிராமத்துக்காக அவர்களைப் படிக்க வைத்தாரோ, அந்தக் கிராமம் பழையபடியே கிடந்தது. தோட்டத்துப் பிள்ளை படித்துப் பட்டணம் போய்விட்டால் தோட்டம் தோட்டமாகவே இருப்பதை நாமும் பார்த்திருக்கிறோம் அல்லவா?

ஆகவே 1864ஆம் ஆண்டில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இனி மருத்துவப் பாடம் முழுவதும் தமிழிலேயே நடக்கும் என்றார். தமிழில் படித்தவர் தமிழ் மக்களிடையே தங்குவார். அவர் சொல்லுவதும் நோயாளிக்குப் புரியும் என்பது அவருடைய கருத்து. இதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஆங்கிலம் படித்தால்தானே உத்தியோகம்? இந்தக் கேள்வியை இன்று தமிழ்ப்பள்ளி வாசலில் நிற்கும் பெற்றோர் கேட்பதைப் போலவே, அன்று யாழ்ப்பாணத்துப் பெற்றோரும் கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயமும் இருந்தது. ஆனால் கிரீன் பின்வாங்கவில்லை.

தமிழில் படிக்க வேண்டுமானால் புத்தகங்கள் வேண்டும். அவரும் அவருடைய மாணவர்களும் உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாக மொழிபெயர்த்தார்கள். டான்ஃபோர்த், சாப்மன், சுவாமிநாதன் முதலிய தமிழ் மாணவர்கள் இந்தப் பணியில் அவருக்குத் துணை நின்றார்கள். இரண வைத்தியம் என்னும் அறுவை மருத்துவ நூல் 1867இல் வெளிவந்தது. மனுஷ அங்காதிபாதம் என்ற நூல் 1872இல் வந்தது. உலகமெங்கும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் கிரே என்பவரின் உடற்கூற்று நூலைத் தழுவியது அது. மூல நூல் இங்கிலாந்தில் 1858இல்தான் முதன்முதலில் வெளியானது. பதினான்கே ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது! இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயரிட்டு 1875இல் வெளியிட்டார். உடலின் இயக்கத்தைச் சொல்லும் மனுஷ சுகரணம் 1883இல் வந்தது. எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்கும் அதிகமான பக்கங்கள்.

கெமிஸ்தம் என்ற சொல்லைக் கேட்டுச் சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அதற்குள் ஒரு முறை இருக்கிறது. ஒரு பொருளுக்குத் தமிழில் சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுவது. இல்லாவிட்டால் வடமொழியில் தேடுவது. அங்கும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே எடுத்துத் தமிழ் நாவுக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளுவது. கிராணி, மண்டோர் என்றெல்லாம் அயல்மொழிச் சொற்களைத் தமிழாக்கிக்கொண்ட தோட்டத்து மக்களுக்கு இந்த முறை புதிதல்லவே! அவருடைய தமிழில் வடசொல் மிகுதி என்பது உண்மை. இன்று அந்தப் பக்கங்களைப் படிப்பது கடினமாகவும் இருக்கும். ஆனால் முதன்முதலில் காட்டை வெட்டிப் பாதை போட்டவரிடம் தார் ரோடு எங்கே என்று கேட்பது நியாயம் ஆகாது.

சமய விஷயத்திலும் அவரைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். தமிழர்கள் கிறிஸ்தவர்கள் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை அவர் மறைத்ததில்லை. ஆனால் கிறிஸ்தவர் ஆகிறவர் வெள்ளைக்காரரைப் போல உடுத்தி, உண்டு, தம் வழக்கங்களை விட்டுவிட வேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. தமிழர் தமிழராகவே இருக்கட்டும் என்றார்.

இங்கே ஓர் அதிசயமான ஒற்றுமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிரீன் பிறந்த அதே 1822ஆம் ஆண்டு டிசம்பரில் நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். கிரீன் மானிப்பாய்க்கு வந்த அதே 1848ஆம் ஆண்டில் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷனரிகளின் மதமாற்றத்தை எதிர்த்து நின்றவர் நாவலர். சமயத்தில் இருவரும் எதிர் எதிர்க் கரையில் இருந்தார்கள். ஆனாலும் எளிய மக்களுக்கு அறிவைக் கொடுக்க அச்சுப் புத்தகமும் தமிழ் உரைநடையும் வேண்டும் என்பதில் இருவர் வழியும் ஒன்றாகவே இருந்தது. சில மைல் தூரத்தில், ஒருவர் சைவத்தையும் ஒருவர் வைத்தியத்தையும் தமிழில் அச்சேற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் லாபம் அடைந்தது நம் மொழி.

1873ஆம் ஆண்டு கிரீனுடைய உடல்நிலை மீண்டும் மோசமாயிற்று. மனைவி மக்களோடு அமெரிக்கா திரும்பினார். இந்த முறை அவரால் மறுபடியும் வர முடியவில்லை. ஆனால் வேலையை விட்டுவிடவில்லை. வூஸ்டரில், பனி கொட்டும் குளிரில், தாம் பிறந்த பண்ணையில் உட்கார்ந்துகொண்டு தமிழில் எழுதினார். சற்று முன்னே சொன்ன கெமிஸ்தமும் மனுஷ சுகரணமும் அவர் ஊர் திரும்பிய பிறகுதான் வெளிவந்தன. சுற்றிலும் தமிழ் பேச ஒருவரும் இல்லாத ஊரில், கடல் கடந்த பிள்ளைகளுக்காக ஒரு மனிதர் பதினொரு ஆண்டுகள் தமிழ்ப் பாடப் புத்தகம் எழுதினார் என்றால் அதை என்னவென்று சொல்லுவது!

1884ஆம் ஆண்டு மே மாதம் அவர் காலமானார். தம்முடைய கல்லறையில் என்ன எழுத வேண்டும் என்பதை அவரே முன்னதாகச் சொல்லி வைத்திருந்தார். பட்டங்களையோ எழுதிய நூல்களையோ அதில் குறிக்கவில்லை. தமிழர்களுக்கு மருத்துவ ஊழியர் என்ற செய்தியே அந்தக் கல்லில் இருக்கிறது. மானிப்பாயில் அவர் நடத்திய வைத்தியசாலை கிரீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்று அவர் பெயரைத் தாங்கியது. ஈழத்துக் கவிஞர் அம்பி அவருடைய வரலாற்றை ஆராய்ந்து நூல்கள் எழுதி, மறந்துபோன இந்தப் பெயரைத் தமிழ் உலகுக்கு நினைவூட்டினார்.

அவர் போட்ட பாதை என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். வருத்தமான பதில்தான். அவர் போன பிறகு தமிழில் மருத்துவம் கற்பிப்பது மெல்ல மெல்ல மங்கிப்போயிற்று. அரசாங்கமும் உத்தியோகமும் ஆங்கிலத்தின் பக்கம் இருந்தன. கொழும்பு மருத்துவப் பள்ளியில் ஆங்கிலமே ஆண்டது. பின்னர் இலங்கைத் தமிழர்கள் மலாயாவுக்கு வந்து அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் ஆஸ்பத்திரிகளிலும் வேலை செய்தபோது, ஆங்கிலக் கல்வியைக் கொண்டே வந்தார்கள். மானிப்பாயில் அச்சான மருத்துவத் தமிழ் நம் தோட்டங்களுக்கு வந்து சேரவில்லை. வந்திருந்தால் என் பாட்டியின் மருந்துப் புட்டியில் ஒரு வரி தமிழ் இருந்திருக்குமோ என்னவோ!

நேயர்களே, இன்று காலம் மாறிவிட்டது. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. லயத்து வீடுகளை விட்டுப் பலர் பட்டணத்துத் தாமான்களுக்கு வந்துவிட்டார்கள். நம் பிள்ளைகளில் பலர் டாக்டர்களாகவும் தாதியர்களாகவும் இருக்கிறார்கள். ஆனாலும் மருந்து கொடுக்கும் சன்னலுக்கு முன்னால் புரியாமல் தலையாட்டும் பழக்கம் நம்மை விட்டு முழுவதும் போய்விடவில்லை.

ஆகவே நாம் வீட்டில் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். கிளினிக்குக்குப் போகும் பெரியவர்களோடு படித்த பிள்ளை ஒருவர் கூடப் போக வேண்டும். எங்கே வலி, எப்போது தொடங்கியது, முன்பு என்ன மருந்து சாப்பிட்டோம் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். கொடுக்கும் மருந்து குடிப்பதா, தடவுவதா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று வெட்கப்படாமல் கேட்க வேண்டும். புரியாவிட்டால் மறுபடியும் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்தவுடன் ஒவ்வொரு மருந்தின் மேலும் அதைத் தமிழில் எழுதி ஒட்டிவிட வேண்டும். அந்த வேலையைத் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளையிடமே கொடுங்கள். மூன்றாம் வகுப்புத் தமிழ் போதும்.

மருத்துவராக இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். எங்கிருந்தோ வந்த ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் தமிழர்களோடு வாழ்ந்து, அவர்களுடைய மொழியிலேயே மருத்துவம் சொன்னார். உங்கள் முன்னே வந்து உட்காரும் தோட்டத்துப் பாட்டியிடம், அவர் மொழியில் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். பாதி நோய் அங்கேயே இறங்கிவிடும்.